பீரோவோடு வந்த பல்லி

வீடு மாறிய ஓர் அம்மாளின் பீரோவோடு லாரியில் ஏறி, பட்டணத்துப் பல்லி ஒன்று சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தது. புது வீட்டு ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஓர் உள்ளூர்ப் பல்லி இருந்தது.

"வாப்பா. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மனுசங்க பேசும்போது வாயைத் திறக்காதே. இந்த ஊர்ல நாம சொல்றதைக் கேப்பாங்க" என்றது அது.

பட்டணத்துப் பல்லிக்குச் சந்தேகம் தட்டியது. பஸ் சத்தத்துக்கும் டிவி சத்தத்துக்கும் நடுவே அது தொண்டை கிழியக் கத்தியபோதெல்லாம் எவர் கேட்டார்கள்? நம்மை ஊமையாக்கிவிட்டு விளக்குப் பூச்சியை எல்லாம் இவன் ஒருத்தனே முழுங்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கார அம்மாள் வெள்ளி டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தாள். அது பீரோவுக்குப் பின்னால் உருண்டு கிடந்ததைப் பட்டணத்துப் பல்லி பார்த்திருந்தது.

வேலைக்கு வந்த செங்கமலம் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பேச வந்து தரையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டம்மா குரலைத் தணித்து, "எனக்கென்னவோ இவதான் எடுத்திருப்பான்னு தோணுது" என்றாள்.

"பீரோவுக்குப் பின்னால இருக்கு" என்று பட்டணத்துப் பல்லி உரக்கச் சொன்னது.

'ச்சு ச்சு ச்சு' என்றுதான் அவர்கள் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டம்மா விரலை மடக்கித் தரையில் தட்டினாள்.

"பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு."

வீட்டுக்கார அம்மாள் செங்கமலத்தின் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

பட்டணத்துப் பல்லி மேலே பார்த்தது. விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்த்தது. உள்ளூர்ப் பல்லியோ வாயை இறுக மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக் கிடந்தது.