பேட்டிகளுக்கு நடுவே

மடிக்கணினியில் ஏற்றிய வீடியோக்களில் பேட்டி இல்லை.

கோப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

செம்மண். தன் செருப்பு. ஆடி ஆடிப் பின்னால் நகரும் புல்.

அடுத்ததிலும் செம்மண். அதிலும் செருப்பு.

தினமும் காலையில் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது அவள் வழக்கம். பேட்டரி. கார்டு. லென்ஸ். ஒலி. ஒன்றும் தவறியதில்லை.

கேமராவின் பதிவுப் பொத்தான் மட்டும் ஓர் அழுத்தம் முந்திப் போயிருந்தது. பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டிருக்க வேண்டும். அதன்பின் அவள் ஓடவிட்டதாக நினைத்தபோதெல்லாம் கேமரா நின்றிருக்கிறது. நிறுத்திவிட்டதாக இடுப்பில் தொங்கவிட்டபோதெல்லாம் ஓடியிருக்கிறது.

பதிவாகும்போது எரியும் சிவப்புப் புள்ளியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் பேட்டி கொடுத்த குழந்தைகளின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகரக் கூரையில் மழை இறங்கியது. பக்கத்து அறையில் யாரோ வாளிகளை இழுத்து இழுத்துக் கட்டில்களுக்கு நடுவே வைத்தார்கள். கென்யாவுக்கு வந்த நாளிலிருந்து பிற்பகல் ஆனால் கேட்கும் சத்தம்.

அந்த வாளிகளுக்காகத்தான் இந்தப் படம். பாளையங்கோட்டையில் சபை மண்டபத்தில் திரையிட வேண்டும். பார்க்கிறவர்கள் மனம் இளகி, இந்த அநாதை இல்லத்துக்குப் புதுக் கூரை போட்டுத் தர வேண்டும். கெமுண்டோ என்ற சிறுமி, தன் அம்மா இறந்த கதையைச் சொல்லி அழுவாள். அந்த இடத்தில் இளகும் என்று ஜெபஸ்டின் அண்ணன் முடிவு செய்திருந்தார். படம் எடுக்க அவளை ஊரிலிருந்து இங்கே கூட்டி வந்தவர் அவர்தான்.

அந்தப் பேட்டிதான் இல்லை.

நாளை ஊர் திரும்ப வேண்டும்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். கடைசிக் கோப்பைத் திறந்தாள். கெமுண்டோவின் பேட்டி முடிந்தது என்று அவள் கேமராவைத் தொங்கவிட்ட பிறகு பதிவானது.

உலகம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.

கள்ளி வேலி. இந்தப் பக்கம் கெமுண்டோ. அந்தப் பக்கம் பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பெண். வேலிக்குள் கையை நுழைத்து, கெமுண்டோவின் ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் ஒரே நெற்றி. முன்பல்லில் ஒரே இடைவெளி.

அந்தப் பெண் கேமராவைக் கவனித்துவிட்டாள். சட்டென்று கள்ளிக்குப் பின்னால் மறைந்தாள்.

கெமுண்டோ திரும்பினாள். லென்ஸைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில், சிவப்புப் புள்ளி எரியும் இடத்தைப் பார்த்தாள். வருகிறவர்களின் கேமராக்களை எல்லாம் பார்த்துப் பழகிய கண்.

பிறகு வேலிக்குள் கையை விட்டு அம்மாவை மறைவிலிருந்து இழுத்தாள். தலைத்துணியை நேராக்கினாள். வேலிக்கு இருபுறமும் இருவரும் விறைப்பாக நின்றார்கள், போட்டோ பிடிக்க ஸ்டுடியோவில் நிற்பது போல.

வெகுநேரம் நின்றார்கள். சாய்ந்தபடி.

ஒரு கட்டைவிரல் வந்து அவர்களை அணைத்தது. அவளுடைய விரல்.

"எல்லாம் வந்துட்டுல்லா?"

ஜெபஸ்டின் வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னாள். காட்டினாள். அவரும் கழுத்தைச் சாய்த்துக் கடைசிவரை பார்த்தார்.

"கர்த்தாவே" என்று கட்டிலில் உட்கார்ந்தார். "சரி, பதறாத. மழை விட்டதும் பிள்ளைய மறுபடி உக்கார வை."

"அவளுக்கு அம்மா இருக்காங்கண்ணே."

"இருக்கட்டும். சோறு போட வழியில்லாமத்தான இங்க விட்டுருக்கா. ஏட்டி, அம்மா இருந்தா கூரை ஒழுகாதா?"

மழை விடும்வரை அறைக்குள் நடந்தாள். விட்டதும் கேமராவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

கெமுண்டோ முன்பு பேட்டிக்கு உட்கார்ந்த அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பள்ளி ஆங்கிலத்தில், உதவி செய்கிற குரலில் கேட்டாள்:

"முதல்ல இருந்தா? அழுற இடத்துல இருந்தா?"

பின்னால் நின்ற ஜெபஸ்டின் சிரித்துவிட்டார். உடனே இருமிக்கொண்டார்.

"முதல்ல இருந்து" என்றாள் அவள்.

பேட்டரி. கார்டு. லென்ஸ். ஒலி.

அழுத்தினாள். புள்ளி எரிந்தது.

கெமுண்டோ புள்ளியைப் பார்த்தாள். வாய் திறந்தது. "என் அம்மா..."

அங்கேயே நின்றது.

வேலிக்கு அப்பால் பச்சைத் தலைத்துணி அசைந்தது.

அவள் கட்டைவிரல் பொத்தானின் மேல் கிடந்தது. எடுத்தாள். வைத்தாள்.

அழுத்தினாள்.

புள்ளி அணைந்ததை கெமுண்டோ பார்த்தாள்.

பிறகு மடமடவென்று சொன்னாள். காய்ச்சல், மழை, மூடிய ஆஸ்பத்திரி. ஒரு சொல் பிசகவில்லை. அழும் இடத்தில் இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டாள். கண்கள் காய்ந்திருந்தன.

"வந்துட்டுல்லா?"

"வந்துட்டுண்ணே."

ஜெபஸ்டின் பெருமூச்சுடன் மூட்டை கட்டப் போனார்.

கெமுண்டோ இறங்கி ஓடினாள். வேலிக்குள் கையை நுழைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

மழை நின்றிருந்தது. வாளிகளில் சொட்டுவது நிற்கவில்லை.

அவள் வேலியை நோக்கி நடந்தாள். புள்ளி எரிந்தது.

இந்த முறை கேமராவை நேராகப் பிடித்தாள்.