முதல் டின் பெட்ரோல்

வண்ணார்பேட்டை ஆவுடைநாயகம் பிள்ளையின் புது மோட்டார் கார், முதல் டின் பெட்ரோல் ஊற்றும்போதே தீப்பிடித்துக் கரிக்கட்டையாகிவிட்டது. மறுநாள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு விசாரிக்க வந்ததும் பிள்ளை பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"பக்கத்துல யாரும் சுருட்டுக் குடிச்சாவளா?"

"சிவசிவா! நம்ம வீட்டுல சுருட்டா வே?"

"விளக்கு?"

"பட்டப்பகல்ல எவன்வே விளக்கு ஏத்துவான்?"

"அப்ப இது விபத்துதான், பிள்ளைவாள். பெட்ரோல் ஊத்தும்போது தீப்பிடிச்சாலும் கம்பெனி புதுக் கார் தந்துரும்."

பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏஜெண்டுக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

குடித்து முடித்த ஏஜெண்டு, "நான் குடுத்த இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்துட்டு வாங்க. அது இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றார்.

பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"அது இருந்தா காருக்கு ஒரு பயமும் இல்லன்னு நீருதானே வே சொன்னீரு! அதைக் கார் மேல வச்சு, மாலை போட்டு, அதுக்குத்தான் கற்பூரம் காட்டினோம்."