‘செல்லம்’ என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

“வேற யாரு டீச்சர்? தியான்யூவோட அம்மாதான் போட்டுக் கொடுத்திருப்பா!” கேஷினின் அம்மா சமையல் மேடையில் ஓங்கி அடித்தாள். மாவு பறந்தது. “போன மாசம் பொண்ணை உங்க கிளாஸ்லேர்ந்து நிறுத்தினாளே, அப்பவே நினைச்சேன்.”

டீச்சர் தாங் ஜிங்வென் தன் சமையலறைத் தரையில் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்வித்துறை ஆட்கள் வந்துபோய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

வார விடுமுறையில் டியூஷன் எடுக்க அரசாங்கம் தடை போட்டதிலிருந்து, சனிக்கிழமைகளில் அவள் வீட்டில் நடப்பது கேக் வகுப்பு. கேஷினோடு சேர்த்து ஐந்து சிறுமிகள் மாவு பிசைவார்கள். கேக் வேகும் நேரத்தில் ஆங்கிலம் படிப்பார்கள். அவளுடைய வாடகையும் சோறும் அதில்தான் ஓடின.

இன்றைக்கு வந்தவர்கள் நேராக ஃபிரிட்ஜுக்குப் போய், அதன் பின்னால் செருகியிருந்த வெள்ளைப் பலகையை உருவினார்கள். “ட்ரீட், பேம்பர், ஸ்பாயில்... இதெல்லாம் எந்த ஊர் கேக்கும்மா?” என்று பலகையில் எழுதியிருந்ததைப் படித்து ஒருவர் கேட்டார். சிறுமிகளில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. இனி இந்த வீட்டில் வகுப்பு நடந்தால் வழக்குதான் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“பலகை எங்க இருக்குன்னு தெரிஞ்சேதான் வந்திருக்காங்க,” என்றாள் ஜிங்வென். “இங்க வந்து போனவங்கதான் சொல்லியிருக்கணும்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். வாங்க, இப்பவே கேட்டுடலாம்!”

தியான்யூவின் அம்மா அதே குடியிருப்பில்தான் இருந்தாள். கீழே வாயிலருகே, முட்டைப் பையும் வெங்காயத்தாளுமாக வந்துகொண்டிருந்தவளை இருவரும் மறித்தார்கள்.

“என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே! நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?” ஜிங்வென்னின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

“நானா? நானா டீச்சர்?”

“என்னமா நடிக்கிறா பாருங்க!” கேஷினின் அம்மா, கூடிவிட்ட அக்கம்பக்கத்தாரைப் பார்த்துக் கத்தினாள். “தன் பொண்ணு படிக்கலேன்னா ஊர்ல யாரும் படிக்கக் கூடாது. அவ்வளவு நல்ல மனசு!”

“இனிமே உங்க பொண்ணு என்னை டீச்சர்னு கூப்பிட்டா, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்,” என்றாள் ஜிங்வென்.

முட்டைப் பை கை நழுவியது. தியான்யூவின் அம்மா குனிந்து, உடையாததை மட்டும் பொறுக்கிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தாள்.

“குத்தம் குறுகுறுக்குது. அதான் நிக்காம போறா,” என்ற கேஷினின் அம்மா, ஜிங்வென்னின் தோளை அணைத்துக்கொண்டாள். “அழாதீங்க டீச்சர். நான் இருக்கேன். இனி எங்க வீட்டுக்கு வாங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்கான்னு சொல்லிக்கலாம், எவன் கேக்கப் போறான்?”

“மத்த நாலு பேரும்?”

“அஞ்சு பிள்ளைங்க சேர்ந்து வந்தா மறுபடி கண்ணுல படும். கேஷினுக்கு மட்டும் எடுங்க.”

அடுத்த சனிக்கிழமை, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கேஷினின் அறையில் உட்கார்ந்தாள் ஜிங்வென். கேஷினின் அம்மா பம்ப்ளிமாஸ் பழச் சுளைகளைத் தோலுரித்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றுகொண்டாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. மகள் பேசுவதைக் கேட்பதில் மட்டும் அவ்வளவு ஆசை.

விட்ட பாடத்தையே தொட்டாள் ஜிங்வென். ஆத்திரம் இன்னும் நெஞ்சில் கனன்றது. வரும் வழியில் எதிர்ப்பட்ட தியான்யூ வணக்கம் சொன்னதற்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

“பேம்பர்னா, ஆசைப்பட்டதையெல்லாம் கொடுத்துச் செல்லமா வெச்சுக்கறது. ஒரு உதாரணம் சொல்லு. பால் டீ வாங்கித் தந்தாங்க, கேக் வாங்கித் தந்தாங்கன்னு வேண்டாம். அது எல்லாரும் சொல்றது.”

கேஷின் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: “என் அம்மா எனக்கு ரொம்பச் செல்லம் கொடுக்கிறார். டீச்சர் எனக்கு மட்டும் வேண்டும் என்று கேட்டேன். அம்மா கல்வித்துறைக்கு ஒரே ஒரு ஃபோன் செய்து, வாங்கிக் கொடுத்துவிட்டார்.”

கதவோரத்தில் நின்ற அம்மா, மகளின் சரளத்தில் பூரித்துப்போய்க் கை தட்டினாள்.