துரை கொடுத்த மாடு

கயிற்றின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். டெய்சி மாடு பின்னால் வந்தது.

பங்களாவுக்குப் பின்வழி ஒன்று உண்டு. லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்களைப் போன்ற ஆட்கள் அதில்தான் போக வேண்டும். அன்றைக்கு நான் தோட்டத்தை நடத்தும் துரையின் கார் போகும் முன்வழியிலேயே மாட்டை இழுத்துக்கொண்டு போனேன். தடுக்கிறவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. ஒருவனும் தடுக்கவில்லை.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், துரை கையால் மாடு வாங்கியவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். பங்களாவில் பூச்செடிகளைப் பார்க்கிற வேலை அவருக்கு. ரோசா நன்றாகப் பூத்திருக்கிறது என்று சொல்லி, துரை தன் சீமை மாட்டையே அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். அதுவும் சினை மாடு.

லயமே வயிறெரிந்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி என்னோடு பேச்சையே விட்டுவிட்டாள். துரை என்றால் இவரல்லவா துரை என்று நானும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாடு கன்று வீசிவிட்டது.

மாதம் நிறையாத கன்று. செத்தே விழுந்தது. என் வீட்டுக்காரர்தான் வெறுங்கையால் இழுத்துப் போட்டார். நஞ்சுக்கொடியைச் சாக்கில் சுற்றிப் பலாமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் வற்றாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

வற்றவில்லைதான்.

எனக்கு அப்போது மூன்றாம் மாதம். கறந்த சூட்டோடு பச்சைப் பாலை டம்ளரில் கொண்டுவந்து நீட்டுவார். காய்ச்சினால் சத்துப் போய்விடுமாம். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. வரும், விட்டுப்போகும், திரும்பவும் வரும். இடுப்பைப் பிடித்துக்கொண்டால் எழுந்திருக்க முடியாது. போர்த்திய கம்பளி வியர்வையில் நனைந்து நாறும். தோட்டத்து மருந்துக்காரர் ஒரு போத்தல் கசப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, வேலைக் கள்ளன் என்று சொல்லி அனுப்பினார். சீமை மாடு வந்ததும் ஐயாவுக்கு உடம்பு வளையவில்லை என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சிரித்தார்கள். பாவிகள், ஒருத்தராவது காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தார்களா?

நான் பங்களாவுக்கு ஏறியதற்கு முதல் நாள்தான் அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டது மாட்டைப் பற்றி. வீட்டில் மாடு இருக்கிறதா, கன்று வீசியதா, யார் கை வைத்தது. மாட்டிலிருந்து வந்த காய்ச்சல் இது என்றார். இங்கே கட்டில் இல்லை, கண்டிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். நீயும் அந்தப் பாலைப் பச்சையாகக் குடித்தாயா என்று கேட்டார். பிள்ளை தங்க வேண்டுமானால் இனி அந்த மாட்டின் பக்கமே போகாதே என்றார்.

எங்கே போவது? மாடு கட்டியிருப்பது எங்கள் காம்பராச் சுவரை ஒட்டி. விற்றுத் தொலைக்கலாம் என்றால், வாங்குகிறவள் வீட்டிலும் ஒரு வயிறு இருக்கும். தொட்டு இழுத்துப்போக வேறு ஆளும் வரவில்லை. அதனால் நானே இழுத்துக்கொண்டு வந்தேன்.

துரைக்கு இதெல்லாம் தெரியாது, பாவம். தெரிந்தால் மாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார். கண்டிக்குப் போகத் தோட்டத்து லொறியையும் தருவார். அந்த நம்பிக்கையில்தான் ஏறிப் போனேன். என் கோபமெல்லாம் மருந்துக்காரர் மேல், லயத்து வாய்கள் மேல், நீட்டியதையெல்லாம் மறுபேச்சில்லாமல் குடித்த என் மேல்.

துரை வராந்தாவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மாட்டைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"தொரைகளே, இந்த மாட்டுக்குச் சீக்கு இருக்குங்க. எங்க வீட்டு ஆளு படுத்த படுக்கையாக் கெடக்குறாருங்க, என் வயித்துலயும் புள்ள இருக்குங்க. மாட்டப் புடிச்சுக்கிட்டு அவங்களக் காப்பாத்திக் குடுங்க!"

துரை என்னைப் பார்க்கவில்லை. டெய்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. ஒரு துரை கண்கலங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

"தெரியும், தெரியும். மாட்டு டாக்டர் சுடச் சொன்னது. டெய்சியைச் சுட நமக்கு மனசு வர்லே, அதான் ஒங்களுக்குக் குடுத்தது."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அவிழ்த்துக் கொடுத்த அன்றைக்கே இந்த மனிதருக்குத் தெரியும். மாட்டைக் கொல்ல மனசில்லாமல் எங்கள் வாசலில் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்.

நான் படியில் கால் வைத்தேன். கயிற்றைச் சுண்டினேன். பழகிய வீடல்லவா, டெய்சி தயங்காமல் வராந்தாவுக்கே ஏறி வந்தது. அவரைக் கண்ட சந்தோஷத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு போனது.

துரை உள்ளே ஓடிப்போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.