ஐம்பதாயிரமாவது வார்த்தை

"எழுதுடி, எழுது! இன்னும் அறுநூறு வார்த்தைதான்!"

யோர்தான்கா மேஜையைத் தட்டினாள். நெவேனா நிமிரவில்லை. ஏழாவது நோட்டில் அவள் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் முப்பது, மாலை ஐந்து மணி. ஒரே மாதத்தில் ஐம்பதாயிரம் வார்த்தையில் ஒரு நாவல். உலகம் முழுக்கப் பலரும் எழுதுகிற சவால் இது என்று நூலகத்துக்குப் பொறுப்பான தோனேவா மேடம்தான் முதல் தேதி அறிவித்தார். தையல்கூடத்திலிருந்து ஒன்பது பெண்கள் பேர் கொடுத்தார்கள். எட்டுப் பேர் வழியிலேயே கழன்றுகொண்டார்கள். யோர்தான்கா இரண்டாம் நாளே, "என் கதாநாயகி தூங்கிட்டா, எழுப்ப மனசு வரல" என்று சொல்லிவிட்டு, நெவேனாவுக்கு வார்த்தை எண்ணித் தருகிறவளாகிவிட்டாள். நூறு வார்த்தைக்கு ஓர் அவரைக்கொட்டை ஜாடியில் விழும்.

கீழே சாலையில் ஹாரன் சத்தம் கேட்டது. தோனேவா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"உன் அண்ணன்தான். பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறார்! மிச்சத்தை வீட்டுல போய் எழுதிக்கக் கூடாதா?"

"வீட்டுக்குப் போனா எழுத மாட்டேன் மேடம். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டேன். நர்ஸ் படிப்பைப் பாதியில விட்டேன். கட்டினவனையும் பாதியில விட்டேன்..."

"அது ஒண்ணுதான் நீ உருப்படியா செஞ்ச காரியம்!" என்றாள் யோர்தான்கா. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"ஒண்ணையாவது முடிச்சுட்டு எழுந்திருக்கிறேனே மேடம்!"

"ஆறு மணிக்கு ஆபீஸை மூடிடுவாங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட என் கையில இல்ல."

ரொடோப் மலைப்பாதையில், கல்யாணக் கூட்டத்தோடு பழுதாகி நின்றுவிட்ட ஒரு பஸ். அதுதான் நெவேனாவின் கதை. ஐந்து நாற்பதுக்கு அவள் பஸ்ஸைக் கிளப்பினாள். கல்யாணத்தை நடத்தினாள். பேனாவை வைத்தாள்.

"முடிஞ்சது!"

ஒரே கைதட்டல். யோர்தான்கா மட்டும் பழைய நோட்டுகளைத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறியது.

"ஐயையோ... நாலாவது நோட்டுல ஒரு பக்கத்தை ரெண்டு தடவை எண்ணிட்டேன்டி. இருநூறு வார்த்தை குறையுது!"

"அக்கா!"

"திட்டுறதை அப்புறம் திட்டு. இப்ப எழுது!"

"என்னத்தை எழுத? கல்யாணமே நடந்துடுச்சே!"

"நடந்துச்சு சரி. பந்தி போட்டியா?"

நெவேனா கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். போடவில்லை.

"அடிப்பாவி! அத்தனை பேரையும் பட்டினியா அனுப்பிட்டியே!"

அவ்வளவுதான். ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

"வெண்ணெய் சொட்டச் சொட்ட பனிட்சா எழுது! மாவு அடுக்குக்குள்ள பாலாடைக்கட்டி நிறைய இருக்கட்டும்!"

"குடைமிளகாய்க்குள்ள அரிசியும் கறியும் அடைச்சு வேக வச்சது!"

"முழு ஆட்டுக்குட்டி! தோல் மொறுமொறுன்னு..." சொன்னவள் கண்ணை மூடிக்கொண்டு எச்சில் விழுங்கினாள்.

"பிளம் சாராயத்தை விட்டுட்டீங்களேடி!"

"பூசணிக்காய் இனிப்பு" என்று ஒரு குரல் மெதுவாக வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். தோனேவா மேடம்! "அக்ரூட் பருப்பு தூவினது" என்று சேர்த்துவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நெவேனா பரிமாறிக்கொண்டே போனாள். விரல் வலித்தது. ஹாரன் விடாமல் அலறியது. ஐந்து ஐம்பத்தாறுக்கு யோர்தான்கா கடைசி வரியில் விரலை வைத்து எண்ணினாள்.

"தொண்ணூத்தெட்டு... தொண்ணூத்தொன்பது... ஐம்பதாயிரம்!"

நூலகமே அதிர்ந்தது. யோர்தான்கா நெவேனாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தோனேவா ஒரு காகிதத்தை நீட்டினார். நெவேனா கையெழுத்துப் போட்டாள்.

"பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. ஒரு மணி நேரம் முன்னாடியே விட்டுடுங்கன்னு கெஞ்சினவங்களைப் பார்த்திருக்கேன். காலையில பத்து மணிக்கே விடுதலைன்னு சொல்லியும், சாயங்காலம் வரைக்கும் உள்ளேயே இருக்கேன்னு கெஞ்சினவ நீ ஒருத்திதான்!" என்றபடி தோனேவா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார்.

நான்கு வருடத் தண்டனை முடிந்து ஏழு நோட்டுகளோடு வெளியே காலெடுத்து வைத்த நெவேனாவைப் பார்த்து, கம்பிக்கு உள்ளேயிருந்து யோர்தான்கா கத்தினாள்: "அடுத்த நாவல் எழுதறேன்னு திரும்பி இங்கே வந்து தொலைக்காதேடி!"