சூடான சாக்ஸ்

அருங்காட்சியகத்தின் கழிப்பறையில் கை காயவைக்கும் மெஷின் ஓயாமல் இரைகிறது. அதன் வாயில் மருமகளின் சாக்ஸைக் கவிழ்த்துப் பிடித்தபடி நிற்கிறார் மாமியார். காய்ந்துவிட்ட இன்னொன்று அவர் தோளில் கிடக்கிறது. காற்று புகுந்ததும் சாக்ஸ் உப்பி, விரலும் குதிகாலுமாக ஒரு பாதம் போலவே துள்ளுகிறது. "பாரு, உனக்கு முன்னாடி இது நடக்கக் கிளம்பிருச்சு." ஓரத்து நாற்காலியில் மருமகள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறாள். நனைந்து வெளுத்த விரல்கள் சுருங்கிக் கிடக்கின்றன; குதிகாலில் ஒரு கொப்புளம். கீழே, காகிதத்தைக் கசக்கித் திணித்த அவளுடைய வெள்ளைத் துணி ஷூக்கள் காலை மழையை இன்னும் கக்குகின்றன. பெட்டி கட்டும்போதே, "மழை பெய்யற ஊருக்குத் துணி ஷூ சரிப்படாதும்மா" என்று மாமியார் சொன்னதுதான். அழகாக இருக்கிறதே என்று அவள்தான் கேட்கவில்லை. 'அப்பவே சொன்னேனே' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகக் காலையிலிருந்து பயந்துகொண்டே நடந்திருக்கிறாள். மாமியார் சாக்ஸைக் கன்னத்தில் ஒற்றி ஈரம் பார்க்கிறார். பிறகு தரையில் குந்தி, தன் சால்வை முனையால் அவள் விரலிடுக்குகளைத் துடைக்கிறார். "ஐயோ அத்தை, நீங்க போய் என் காலைத் தொடறீங்களே!" அவள் காலை இழுத்துக்கொள்கிறாள். "சும்மா இரு. கூச்சப்பட்டா கொப்புளம் ஆறிடுமா?" பிளாஸ்திரி ஒட்டியாகிறது. வெதுவெதுப்பான சாக்ஸ் கணுக்கால்வரை ஏறுகிறது. மாமியார் நிமிர்ந்து பார்த்து வாயைத் திறக்கிறார். வந்துவிட்டது என்று மருமகள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"அந்தக் காலையும் நீட்டும்மா."