கோணல் காஜா

உள் அறையில் டங்கென்று ஏதோ விழுந்தது. உருண்டது. சுவரில் முட்டி, கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே முனகிவிட்டு அடங்கியது.

தண்ணீர்த் தம்ளர். பார்க்காமலே தங்கைக்குத் தெரிந்தது. அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று காலையில்தான் வந்திருந்தாள். அதற்குள் இது இரண்டாவது தடவை.

அண்ணி தலை தூக்கவில்லை. காய்ந்த துணிகளைக் கூடையிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உள்ளே..."

"எடுத்துக்குவார்."

"நான் போய்..."

"உக்காரு."

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். பிடித்த கையின் ஆள்காட்டி விரலில் துணிக் கட்டு. வெங்காயம் நறுக்கும்போது பட்டுவிட்டதாம். தனக்கு என்றால் மட்டும் கட்டுப் போடத் தெரிகிறது என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

பாதி திறந்திருந்த கதவு வழியே அண்ணன் தெரிந்தார். சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்து, கண்ணைச் சுருக்கி. விரல் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்போது கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

புற்றுநோய் போய் வருஷமாகிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். ஆனால் ஏற்றிய மருந்து, விரல் நுனியில் இருந்த உணர்ச்சியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இருட்டில்கூட ஊசியில் நூல் கோர்த்த தையல்காரர் அவர். இப்போது செருப்பு காலைவிட்டுக் கழன்றாலும் தெரிவதில்லை.

"விருந்தாளி போயிட்டார், மூட்டையை மறந்து வச்சுட்டுப் போயிட்டார்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

"நாலு எட்டு வச்சுப் போய் அந்தப் பட்டனைப் போட்டு விட்டா, உங்க கால் தேஞ்சுடுமா அண்ணி?"

"அவரே போட்டுக்குவார்."

"ஆஸ்பத்திரியில அப்படிப் பார்த்துக்கிட்டீங்க. இப்ப அலுத்துப் போச்சு, இல்ல? கல்லுலகூடக் கொஞ்சம் ஈரம் இருக்கும்."

அண்ணி ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அண்ணன் வெளியே வந்தார். மேலிருந்து கீழ்வரை எல்லாப் பட்டனும் போட்டிருந்தது. புது மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"பார்த்தியா? யார் தயவும் இல்லாம! போன மாசமெல்லாம் இதுக்குள்ள வேர்த்துக் கொட்டியிருக்கும். கை தேறிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல கடையில போய் மெஷின்ல உக்காந்துடுவேன்."

"உக்காருவீங்க, உக்காருவீங்க" என்றாள் அண்ணி. அவள் குரலில் அப்போதுதான் உயிர் வந்தது. அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

அண்ணன் செருப்பை எடுக்கக் குனிந்தார். பட்டன்கள் ஒவ்வொன்றாகத் தானே கழன்று சட்டை திறந்துகொண்டது. அவர் ஒன்றும் நடக்காதது போல வாசல் பக்கம் திரும்பி நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பார்க்கச் சகிக்காமல் தங்கை கூடைக்குள் கையை விட்டாள். அவருடைய இன்னொரு சட்டை வந்தது. மடிப்பதற்காகப் பட்டனைப் போட்டாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போன பட்டன், வழுக்கிக்கொண்டே வெளியே வந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

தூக்கிப் பார்த்தாள். பட்டன் நுழைகிற காஜா ஒவ்வொன்றும் பிளேடால் கீறி அகலமாக்கப்பட்டிருந்தது. கீறிய ஓரம் பிரியாதபடி கையால் தைத்திருந்தது. கோணல் மாணலான தையல். ஒரு காஜாவின் ஓரத்தில், துவைத்தும் போகாத துளி ரத்தக் கறை.

சட்டையும் கையுமாகச் சமையலறைக்குப் போனாள்.

"அண்ணி, இது..."

அண்ணி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா! ஒரு நாள் நான்தான் போட்டு விட்டேன். அன்னைக்கு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார், ஒரு வாய் சாப்பிடலை. இப்ப தானே போட்டுக்கிறார், பேசறார், எழுந்து நடமாடறார். கை தேறிட்டு வருதுன்னு நம்பிட்டு இருக்கார். கெடுத்துடாதே, தாயே."

கட்டுப் போட்ட அந்த விரல் தங்கையின் உதட்டின் மேலேயே இருந்தது. சொன்ன சொல்லையெல்லாம் திருப்பி விழுங்க முடியாதா என்றிருந்தது அவளுக்கு.

திரும்பி வந்து கூடையின் முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்ல வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்ன, ஆராய்ச்சியா?"

"ஒண்ணுமில்லண்ணா. சும்மா மடிக்கிறேன்."

"மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே காஜா எடுக்க உக்காந்தவன்டி நான். எது காஜா, எது வாசக்கதவுன்னு எனக்குத் தெரியாதா?"

தங்கை அவர் முகத்தையே பார்த்தாள்.

"இந்த விரல் தேறாது. மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுங்கன்னு முதலாளிகிட்ட எப்பவோ சொல்லிட்டேன்." அந்தக் கோணல் தையலைக் கட்டைவிரலால் தடவினார். தடவுவது அவருக்குத் தெரிந்திருக்காது. "ஊசி பிடிக்கவே வராது அவளுக்கு. நான் தூங்கிட்டேன்னு நினைச்சு உக்காந்து தைக்கிறா. ஊசி குத்தினா எனக்கு வலிக்காது. அவளுக்கு வலிக்கும்."

"அப்ப, தெரிஞ்சுதான்..."

"நான் தேறிட்டு வர்றதா நம்பிட்டு இருக்கா. கெடுத்துடாதே."

பிறகு சமையலறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"கேட்டியா! இன்னைக்குப் பட்டன் இன்னும் சுலபமாப் போச்சு!"

"நான்தான் சொன்னேனே!" என்றது உள்ளேயிருந்து சந்தோஷக் குரல்.

தங்கை சட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கூடையிலிருந்து அடுத்ததை எடுத்தாள்.